சுண்ணாம்புக்கல் குழியை மூடிய நிலத்தில் தீவனப் புல்லுக்கு உரம்

கேள்வி: சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழியை மூடி மேல்மண் பரப்பிய இரண்டு ஏக்கரில், கறவை மாடுகளுக்காகக் கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப் புல் நட்டிருக்கிறேன். யூரியா இட்டும் குருத்து வெளுத்து, முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது. சுரங்க நிலத்துக்குச் சுண்ணாம்பு இட வேண்டும் என்கிறார்களே, இடலாமா?

பதில்: இட வேண்டாம். கந்தகம் கலந்த பாறைக் கழிவால் மண் அமிலத்தன்மை அடையும் நிலக்கரிச் சுரங்கம் போன்ற இடங்களுக்கே அந்த யோசனை பொருந்தும். தங்கள் மண்ணில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். நுரை கிளம்பினால், அங்கே சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது என்று அறியலாம். அப்படிப்பட்ட மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு பிணைந்துகொள்கிறது, இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிட்டுவதில்லை, மேலாகத் தூவிய யூரியாவின் தழைச்சத்தில் (நைட்ரஜன்) கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடுகிறது.

இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இருந்தால் அது இரும்புக் குறை. பத்து லிட்டர் நீரில் 100 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் தெளித்து, இரு வாரம் கழித்து மீண்டும் தெளியுங்கள். முதிர்ந்த இலை முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை.

கோ-4 எருவும் நீரும் நிறையக் கேட்கும் புல். மண் தேறும்வரை, காங்கேயம் பகுதிக் கொறங்காடுகளில் (மானாவாரி மேய்ச்சல் நிலங்களில்) மேய்ச்சலுக்குக் காலங்காலமாக நிற்கும் கொழுக்கட்டைப் புல்லையும், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் பயறுவகைத் தீவனமான வேலிமசாலையும் கலந்து விதைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கொழுக்கட்டைப் புல்லுக்கு ஏக்கருக்கு 100 கிலோ சூப்பர் பாஸ்பேட்டை 300 கிலோ தொழு எருவோடு கலந்து, ஈரமாக்கி, ஒரு மாதம் மூடி வைத்துப் பிறகு விதைச் சாலில் இடுங்கள்; இதனால் மணிச்சத்து சுண்ணாம்பிடம் சிக்குவது குறையும். யூரியாவுக்குப் பதில் 50 கிலோ அம்மோனியம் சல்பேட்டும், 13 கிலோ பொட்டாஷும் இடலாம். 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள். சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்க்கக் கூடாது. வேலிமசாலுக்குத் தழைச்சத்து அதிகம் தந்தால் அதன் வேர்முடிச்சு குன்றிவிடும்.

இவை அனைத்துக்கும் மேலானது எரு. கோடையில் செம்மறி ஆட்டுப்பட்டி அடைக்க முடிந்தால் தவறவிடாதீர்கள்; நிரப்பு மண்ணில் அறவே இல்லாத மக்கிய சத்தை அந்தப் புழுக்கையும் மூத்திரமும்தான் உருவாக்கத் தொடங்கும்.

உரம் வாங்குமுன் கடப்பாரையால் நாலைந்து இடங்களில் குத்திப் பாருங்கள். ஓரடிக்குள் இறுகிய தட்டு இருந்தால், உளிக்கலப்பையால் அதை உடைக்காமல் எந்த உரமும் பலன் தராது. மேல்மண்ணையும் அடியிலுள்ள நிரப்பு மண்ணையும் தனித்தனிப் பையில் எடுத்து, சேலம் மாவட்டம் சந்தியூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.