ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது: எம்.ஏ. இஸ்லாமியவியல் எனக்குச் சரிப்படுமா?

கூடலூரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"எம்.ஏ.வுக்கு இஸ்லாமியவியல் எடுக்க ஆசை. அத்தா, 'அதுக்கு ஆலிமா கோர்ஸே (பெண்களுக்கான மதரஸா மார்க்கப் படிப்பு) போதுமே, எதுக்கு யுனிவர்சிட்டி, படிச்சா வேலை கிடைக்குமா?' என்கிறார். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. உருதும் தெரியாது. அரபி தெரியாமல் சேரலாமா? எங்கே சேருவது? இன்னொன்று, நன்னியின் (பாட்டியின்) பெட்டியில் அரபி எழுத்தில் பழைய புத்தகம் ஒன்று இருக்கிறது, எழுத்துக் கூட்டினால் தமிழ் மாதிரிக் கேட்கிறது. அதையும் ஒருநாள் முழுசாகப் படிக்க வேண்டும்."

கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே அந்தப் பெட்டி, என் கணக்கில் முதலில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அரபி தெரியாமல் சேரலாமா என்றால், பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள், ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும் என்பார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டினேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில், உங்களைப் போலவே பி.ஏ. வரலாற்றோடு, ஓதத் தெரியும் என்ற தைரியத்தில் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரமே பேராசிரியர் ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பார்த்தால் உயிரொலியைக் காட்டுகிற குறிகளான ஜபர் இல்லை, ஜேர் இல்லை, பேஷ் இல்லை, மொட்டை மொட்டையாக எழுத்து. மக்தபில், அதாவது குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் சிறுவர் பள்ளியில், ஏழு வருடம் ஓதிய எனக்கு ஒரு வரி வாசிக்க வரவில்லை. பாடத்திட்டத்தில் அரபி கட்டாயம் என்று எழுதியிருந்தும் சொல்லிக்கொடுக்க அந்த வருடம் முழுக்க ஆளே போடவில்லை, அது வேறு கதை.

ஏன் வாசிக்க வரவில்லை என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காஃப், தா, பா என்று மூன்று எழுத்தைச் சேர்த்து எழுதுங்கள், குறி எதுவும் போடாமல். இதை 'கதப' என்று வாசித்தால் 'எழுதினான்'. 'குதிப' என்றால் 'எழுதப்பட்டது'. 'குதுப்' என்றால் 'நூல்கள்'. மூன்றும் ஒரே எழுத்து, ஒரே வரிசை. எது என்று அந்த வாக்கியம்தான் சொல்லும், அதாவது இலக்கணம் தெரிந்தால்தான் வாசிக்கவே முடியும், தமிழில் மாதிரி முதலில் வாசித்துவிட்டுப் பிறகு அர்த்தம் தேடுகிற கதை இங்கே நடக்காது. அகராதி பார்ப்பதும் இப்படித்தான். அரபி மாணவர்கள் கையில் எப்போதும் இருக்கும் ஹான்ஸ் வேர் அகராதியில் 'மக்தப்' என்ற சொல்லை மீமில், அதாவது 'ம' எழுத்தில், தேடினால் கிடைக்காது, காஃபில் தேட வேண்டும், ஏனென்றால் அதன் வேர் அதே க-த-ப. நாம் வீட்டில் சொல்கிற கிதாபு, எழுத்தரைக் குறிக்கும் காத்திப், நீங்கள் சின்ன வயதில் போன மக்தப் எல்லாம் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. இது ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் மொழி தானாக விரியும், பிடிபடுகிற வரைக்கும்தான் பாடு.

அதனால் என் யோசனை: எந்தப் பட்டம் என்பதற்கு முன்னால் எந்த மொழி என்று முடிவு பண்ணுங்கள். ரிசல்ட் வந்து சேர்க்கை முடிகிற வரை நான்கைந்து மாதம் கையில் இருக்கும், தினம் ஒரு மணி நேரம் அரபி இலக்கணத்துக்கு ஒதுக்குங்கள். ஆன்லைனில் வகுப்பு நிறைய இருக்கிறது, நடுவட்டத்தில் சிக்னல் போய்விடும் என்பதால் பஸ்ஸில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஓதத் தெரிந்தது வீண் என்று நினைத்துவிட வேண்டாம், எழுத்தும் உச்சரிப்பும் நாக்கில் ஏறியிருப்பதே பாதி வேலை. எழுத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு அதற்கே சில மாதம் போய்விடும்.

இப்போது அத்தாவின் கேள்வி. நியாயமான கேள்விதான், சிரிக்காதீர்கள். ஆலிமா படிப்புக்கும் இதற்கும் பாடத் தலைப்புகள் பெரும்பாலும் ஒன்றுதான்: தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை), ஹதீஸ் (நபிமொழி), ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்), தஸவ்வுஃப் (சூஃபி ஞானம்). பல்கலைக்கழகத்தில் கூடவே உமையாக்கள், அப்பாஸியர் என்ற கலீஃபா வம்சங்கள், இந்திய இஸ்லாமிய வரலாறு, நவீன காலச் சிந்தனைகள் என்று வரும். வித்தியாசம் தெரிவது கேள்வி கேட்கிற விதத்தில். அத்தாவுக்கே தெரிந்த ஒரு ஹதீஸை எடுத்துக்கொள்வோம், "எண்ணங்களைப் பொறுத்தே செயல்கள்". ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பின் முதல் ஹதீஸ். ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில்) எத்தனையோ தடவை கேட்டிருப்பார். மதரஸாவில் இதன் பொருளும் இதிலிருந்து வரும் சட்டங்களும் படிப்பீர்கள், நிய்யத் (எண்ணம்) வைப்பது எங்கே கடமை, எங்கே இல்லை என்று. பல்கலைக்கழக வகுப்பில் முதலில் ஹதீஸுக்கு மேலே இருக்கிற அறிவிப்பாளர்களின் பெயர்களைப் பலகையில் எழுதுவார்கள். நபியவர்களிடமிருந்து உமர், அவரிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத். இதுவரைக்கும் ஒருவர் பின் ஒருவராக ஒற்றைக் கயிறு. யஹ்யாவிடம் வந்ததும் கயிறு பிரிந்து ஏராளமான பேர் கேட்டு அறிவிக்கிறார்கள். ஏன் அந்த இடத்தில் முடிச்சு விழுகிறது?

ஜோசப் ஷாக்ட் என்ற ஆய்வாளர் 1950-இல் வெளியிட்ட நூலில், இப்படி முடிச்சு விழுகிற ஆளின் காலத்தில்தான் ஒரு ஹதீஸ் புழக்கத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று வாதம் பண்ணினார். ஹரால்ட் மொட்ஸ்கி போன்றவர்கள் பின்னால் வந்து, அப்படி அவசரப்படக் கூடாது, அந்த ஆள் முறையாகத் திரட்டிப் பாடம் நடத்திய முதல் ஆசிரியராகவும் இருக்கலாம், அதனாலும் மாணவர்கள் பெருகியிருக்கலாம் என்று காட்டினார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கிளப்பிவிட்டது என்று ஒரு பேச்சு வரும், அதற்காகவே இதைச் சொல்கிறேன்: இந்த ஒற்றைக் கயிற்றை அந்தக் காலத்து முஹத்திஸ்களே (ஹதீஸ் அறிஞர்களே) கவனித்து, அதற்கு 'கரீப்' (தனித்து வந்தது) என்று பெயரும் வைத்து, அப்புறமும் ஏன் இது ஆதாரபூர்வமானது என்று விளக்கியும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இரண்டு தரப்பையும் படித்துவிட்டு நீங்கள் எழுதுகிற கட்டுரைக்குத்தான் மார்க். அத்தாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மார்க்கம் கற்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம் என்றால் ஆலிமா படிப்பே சரி, அதில் குறைவு எதுவும் இல்லை. இந்த அறிவு எப்படி உருவாகி எப்படிக் கைமாறி வந்தது என்று தோண்டுகிற ஆசை உங்களுக்கு இருந்தால் இந்தப் பட்டம்.

வேலை விஷயத்தில் பூசி மெழுகப் போவதில்லை. தமிழ்நாட்டில் இஸ்லாமியவியலுக்கென்று ஆசிரியர் பணியிடம் மிகக் குறைவு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வில் 'அரபுப் பண்பாடும் இஸ்லாமியவியலும்' தனிப் பாடமாகவே இருக்கிறது, அதை முடித்தால் இந்தியா முழுக்க உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம், நன்றாக எடுத்தால் ஆராய்ச்சி உதவித்தொகையும் வரும். ஆனால் இங்கேயே அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் ஆவதும் மனதில் இருந்தால் கவனம், எம்.ஏ. இஸ்லாமியவியலை எம்.ஏ. வரலாற்றுக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பட்டமும் சமம் என்று சொல்கிற இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது. வீட்டில் சம்பளம் சீக்கிரம் வர வேண்டிய நிலைமை என்றால் எம்.ஏ. வரலாறே படித்து, பக்கத்தில் அரபியைப் பிடித்துக்கொண்டு, முனைவர் பட்டத்தில் இஸ்லாமிய வரலாற்றுக்குள் இறங்குவது புத்திசாலித்தனம். என்னைக் கேட்டால் உங்களுக்கு அந்த வழிதான் பொருந்தும், இருந்தாலும் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அரபி நன்றாக வந்துவிட்டால் மொழிபெயர்ப்பு, சுவடிக் காப்பகம் என்று வேறு கதவுகளும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையில் அரபி, பாரசீகக் கல்வெட்டுகளுக்கென்றே நாக்பூரில் தனிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபி, பாரசீகச் சுவடிகள் காத்துக்கிடக்கின்றன.

எங்கே சேருவது? அலிகர் பழைய இடம், 1875-இல் பள்ளியாகத் தொடங்கி, கல்லூரியாகி, 1920-இல் பல்கலைக்கழகமானது. ஜாமியா மில்லியாவும் அதே 1920-இல் அலிகரில் பிறந்து 1925-இல் டெல்லிக்கு இடம் மாறியது. இரண்டிலும் இஸ்லாமியவியல் துறை உண்டு, நூலகம் பிரமாதம், ஆனால் வகுப்புக்கு வெளியே எல்லாமே உருதும் இந்தியும்தான், மெஸ்ஸில் சாப்பாடு கேட்பதற்கே முதல் மாதம் சைகை காட்டியவன் நான். ஹைதராபாத்தில் மௌலானா ஆசாத் பல்கலைக்கழகம் உருது வழிக் கல்விக்கென்றே 1998-இல் ஏற்பட்டது, உருது தெரியாத உங்களுக்கு அது ஆகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுத் துறை 1927 முதல் இருக்கிறது, இஸ்லாமியவியலுக்குத் தனி மையமும் உண்டு. அரபியை மட்டும் ஆழமாகப் படிக்க நினைத்தால் திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை நியூ காலேஜ்.

கூடலூர்க்காரர்கள் ஊட்டிக்கு ஏறி, அங்கிருந்து கீழே இறங்கிச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர், அப்படியே மலப்புறம். கோழிக்கோடு பல்கலைக்கழகம் பேரில்தான் கோழிக்கோடு, இருப்பது மலப்புறம் மாவட்டத்துத் தேஞ்ஞிப்பாலத்தில், அங்கே அரபித் துறை இருக்கிறது. கேரளக் கல்லூரிகளில் 'இஸ்லாமிய வரலாறு' என்று தனிப் பட்டப்படிப்பே நடக்கிறது. கூடலூரில் மலையாளம் காதில் விழாத நாள் இருக்காது, மொழியும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. எங்கே போனாலும் ஒன்று, பெயரில் 'பல்கலைக்கழகம்' என்று இருப்பதெல்லாம் யுஜிசி பட்டியலில் இருக்காது, பணம் கட்டுவதற்கு முன் பட்டியலில் பெயரைப் பாருங்கள். தொலைநிலைக் கல்வி என்றால் அந்தப் படிப்புக்கு அந்த வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்றும் தனியாகப் பார்க்க வேண்டும்.

சரி, நன்னியின் பெட்டி. உங்களிடம் இருப்பது அனேகமாக அரபுத்தமிழ் நூல். மொழி தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளி கூட்டிப் புது எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று கடலோரம் முழுக்க இந்த எழுத்தில் தொழுகை விளக்கம், மருத்துவம், பாட்டு, கடிதம் எல்லாம் ஓடியிருக்கிறது. தமிழ் எழுத்திலும் நமக்கு இஸ்லாமிய இலக்கியங்களின் நீண்ட வரிசை இருக்கிறது, நமக்கு முழுமையாகக் கிடைத்திருப்பவற்றில் மூத்ததான ஆயிர மசலா 1572-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சீறாப்புராணம் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது. தமிழ் எழுத்து நூல்களைப் பார்க்க ஆள் உண்டு, அரபுத்தமிழைப் பார்க்க ஆள் மிகக் குறைவு, காரணம் எளிது: தமிழ் அறிஞர்களுக்கு எழுத்து தெரியாது, வடக்கத்தி அரபி அறிஞர்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு இரண்டும் பாதிப் பாதி தெரியும். அலிகரிலோ லண்டனிலோ ஆராய்ச்சி செய்கிறவர் இதற்காக வருடக்கணக்கில் உழைத்துத்தான் நீங்கள் இப்போது நிற்கிற இடத்துக்கு வர முடியும். முனைவர் பட்டத்துக்கு நான் வேறு தலைப்பு சொல்லப் போவதில்லை.

புத்தகத்தை இப்போதைக்கு என்ன செய்வது? குன்னூரில் ஒரு வீட்டில் இதே மாதிரி ஒன்று பார்த்தேன், பழைய வெள்ளைத் துண்டில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்திருந்தார்கள், பிரித்தபோது நடுவில் இருபது பக்கம் ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிட்டிருந்தது, நம் மலை ஈரம் அப்படி. பிரிக்க முயன்றால் எழுத்தோடு வந்துவிடும், அதனால் ஒட்டிய பக்கத்தைத் தொடாதீர்கள். நாப்தலின் உருண்டை போட வேண்டாம், டேப் ஒட்டவே வேண்டாம். வெயில் நாளில் நிழலில், காற்றோட்டமான இடத்தில் சிறிது நேரம் வைத்துவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், ஆனால் அதற்கு முன்னால் திறக்கிற பக்கங்களை எல்லாம் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

புத்தகத்தில் வருடம் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள்தான், ஆகவே 622-ஐக் கூட்டினால் மட்டும் கணக்கு சரியாக வராது. ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி, அப்புறம் 622-ஐக் கூட்டுங்கள். 1318 என்று இருந்தால் 1278, அதோடு 622, ஆக 1900. ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம். வருடமும் அச்சகத்தின் ஊரும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், எனக்கு அனுப்புவதாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் தெளிவாக எடுங்கள். கடைசிப் பக்கம் என்றால் நாம் தமிழ்ப் புத்தகத்தைத் திறக்கிற பக்கம்.