மொட்டை என்று ஒருத்தி

அன்புள்ள அக்கா,

என் மகன் எட்டாம் வகுப்பு. இந்த ஜூனில்தான் புதுப் பள்ளியில் சேர்த்தோம். பேச்சு கொஞ்சம் திக்கும். நாலைந்து பையன்கள் அவனைப் போலவே பேசிக் காட்டுகிறார்கள், பையை ஒளித்து வைக்கிறார்கள். "ஆம்பளைப் பிள்ளைதானே, திருப்பி அடி" என்கிறார் அவன் அப்பா. கராத்தேயில் சேர்க்கவா? பள்ளியையே மாற்றிவிடவா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பள்ளித் தோழிகளைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் ஒருத்தி, "மொட்டை இப்ப எங்கடி இருக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவளுடைய உண்மையான பெயர் எங்களில் ஒருத்திக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஏழாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள் அவள். திருச்செந்தூரில் நேர்த்திக்கடனுக்கு முடி இறக்கிவிட்டு, சந்தனம் காய்ந்த தலையோடு வந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் தலையில் ஒரு தட்டு. பத்தாம் வகுப்பில் முடி இடுப்பைத் தொட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. மதியம் நாங்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவோம். அவள் குழாயடிப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, டிபன் மூடியைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். நான் ஒருநாளும் அவள் தலையில் தட்டியதில்லை. தட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தேன். மூன்று வருடம் சிரித்தேன்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுக்கு முன்பு ஒருநாள், எங்கள் கோ-கோ டீம் கேப்டன் வட்டத்தில் இருந்தபடியே, "ஏய், உங்க வீட்டு நார்த்தங்காய் ஊறுகா இருக்கா? இங்க வா" என்று அவளைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். அதற்கப்புறம் அவள் தலையில் தட்டியவர்கள் யாரும் இல்லை. யாரும் யாரையும் திருப்பி அடிக்கவில்லை.

பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். 1996-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தபோது, சீண்டுகிறவனும் சீண்டப்படுகிறவனும் மட்டும் அங்கே இல்லை என்று தெரிந்தது. கூடச் சேர்கிறவன், சிரித்து ஏற்றிவிடுகிறவன், பேசாமல் விலகிப் போகிறவன், பரிந்து பேசுகிறவன் என்று மொத்த வகுப்புமே அதற்குள் இருந்தது. இந்த அடிப்படையில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஒரு வேலை உண்டு. நல்ல மனசும் வகுப்பில் செல்வாக்கும் உள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, சீண்டப்படுகிற பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்வார். எங்கள் கேப்டன் யாரும் சொல்லாமல் செய்தது அதுதான்.

கராத்தே பிடித்தால் கற்றுக்கொள்ளட்டும், இதற்கு அது மருந்தில்லை. உங்கள் கணவர் சொன்னதுதான் எனக்குக் கோபம். நாலைந்து பேருக்கு நடுவே ஒற்றையாக நிற்கிற பிள்ளையிடம் "திருப்பி அடி" என்றால், "இதையும் நீயே பார்த்துக்கொள்" என்றுதான் அவன் காதில் விழும். அப்புறம் அவன் வீட்டில் எதையும் சொல்ல மாட்டான். அவரை இனி அந்த வார்த்தையை எடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

உங்கள் மேலும் வருத்தம்தான். சீண்டுகிறவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிச் சொல்கிறீர்கள். வகுப்பில் நாற்பது பேராவது இருப்பார்களே, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு நண்பன் பெயர்கூடக் கடிதத்தில் இல்லை. வகுப்பாசிரியரைப் பாருங்கள். அந்தப் பையன்களைத் தண்டிக்கச் சொல்வதோடு நின்றுவிடாமல், வகுப்பில் மற்ற பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று விசாரியுங்கள். அப்படிச் செல்வாக்குள்ள ஒரு பையனை உங்கள் மகனோடு சாப்பிட உட்காரச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அதுவும் உங்கள் மகனுக்குத் தெரியாமல் நடக்கட்டும்.

பள்ளி மாற்றுவதைப் பிறகு பேசலாம். முதலில், அவன் மதியம் எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.