டார்னீட்ல மனை வாங்கின தம்பிக்கு

தம்பி, மெல்போர்ன் வந்து ஆறே மாசத்துல மனை வாங்கியாச்சா, சந்தோசம். எந்த ஸ்கூல் நல்லது, கிழக்குப் பார்த்த மனைக்குக் கூடக் கொடுக்கலாமான்னு கேட்டதுக்கெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. கடைசியா, வீடு எழுப்புறதுக்கு முன்னாடி மனையைத் தயார் பண்ற செலவைப் பத்தி ஒரு வரி கேட்டீங்களே, "பில்டர் சைட் காஸ்ட் 15,000 டாலர்னு போட்டிருக்கார், ஏறுமா?"ன்னு. ஏறும்.

நான் 2009-ல உங்க டார்னீட்டுக்குப் பக்கத்துல வெர்ரிபீ பக்கம் கட்டினேன். ஒப்பந்தத்துல 'ப்ரொவிஷனல் சம்' 12,000. 'இப்போதைக்கு ஒரு தொகை'ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம்னு யார் கண்டா? தோண்ட ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் போன் வருது, பாறையாம். அந்தப் பக்கம் பூராவும் எரிமலைக் குழம்பு ஆறின சமவெளி. களிமண்ணுக்குள்ள புளூஸ்டோன்ங்கிற எரிமலைப் பாறை குண்டு குண்டா கிடக்கும். உடைக்க மணிக்கு இவ்வளவு, அள்ளிட்டுப் போக லோடுக்கு இவ்வளவு. 31,000-ல வந்து நின்னுச்சு. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு சேர்த்தது அந்தக் குழியிலதான் போச்சு.

அதனால சாயில் டெஸ்ட் (மண் பரிசோதனை), கான்டூர் சர்வே (மனையோட மேடு பள்ள அளவு) ரெண்டும் கைக்கு வராம கையெழுத்துப் போடாதீங்க. பாறை உட்பட சைட் காஸ்ட் இவ்வளவுதான்னு எழுதி வாங்குங்க. மண் எந்த வகைன்னு ரிப்போர்ட்ல இருக்கும். 'எம்'னா களிமண் நனைஞ்சு உப்பி, காய்ஞ்சு சுருங்குறதுல 20-லிருந்து 40 மில்லிமீட்டர் வரை தரை ஏறி இறங்கும், 'எச்1' 60 வரை, 'எச்2' 75 வரை. 'பி'ன்னு இருந்தா சிக்கலான மனைன்னு அர்த்தம், கொட்டி நிரப்பின மண்ணான்னு விசாரிங்க. நம்மாளுங்க வாஸ்து பார்க்கத் தனியா ஆள் வைப்பாங்க, இந்த ரிப்போர்ட்டோட நாலு பக்கத்தைப் புரட்ட மாட்டாங்க. கிரகப்பிரவேசத்துல தியேட்டர் ரூமைக் காட்டுவாங்க, மண்ணுக்குள்ள எவ்வளவு போச்சுன்னு வாயே திறக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. இங்க வானம் தோண்டிக் கடைக்கால் போடுற வேலை அதிகம் கிடையாது. பெரும்பாலும் வாஃபிள் ஸ்லாப்தான். தெர்மோகோல் பெட்டிகளை அடுக்கி, கம்பி கட்டி, மேல கான்கிரீட். அது மண்ணு மேலேயே உட்கார்ந்திருக்கும். ஓரத்துல தண்ணி இறங்கினா அந்த ஓரம் மட்டும் உப்பும். என் வீட்டுக்குக் கூரை போட்டு ரெண்டு மாசம் டவுன்பைப்பை, அதான் கூரைத் தண்ணி இறங்குற குழாயை, வடிகால்ல சேர்க்காம விட்டுட்டாங்க. குளிர்கால மழை பூராவும் ஒரே மூலையில ஊத்துச்சு. குடிபோன முதல் வருசமே பூஜை ரூம் கதவு மூடலை, நிலைக்கு மேல கோணலா ஒரு கீறல். கூரை ஏறின அன்னைக்கே பைப்பைச் சேர்க்கச் சொல்லி நில்லுங்க, தயவு தாட்சண்யம் பார்க்காதீங்க. இப்பல்லாம் சாயில் ரிப்போர்ட் வந்தா ஆபீஸ்ல நாலு பேர் எங்கிட்டதான் கொண்டாந்து நீட்டுறாங்க.

இத்தனைக்கும் நான் கோவில்பட்டிக்காரன், கரிசல்லயே பிறந்து வளர்ந்தவன். 2012 ஜனவரி வெயில்ல அப்பா வந்திருந்தார். கொல்லையில தரை பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. குடைக்கம்பியை உள்ள விட்டுப் பார்த்தார், முக்கால்வாசி இறங்கிருச்சு. "ஏலே, இது நம்ம கரிசலுல்லா? இவ்வளவு தூரம் வந்து இதையா வாங்கின?"ன்னார்.

மூணு மாசம் இருந்தார். ஊருக்குப் போகணும்னு ஒரு நாள் சொல்லலை. சாயங்காலமானா அந்த வெடிப்புக்குப் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுக்குவார்.