பட்டறைப் பதில்கள்: இது எப்படிக் கெடும்?

(மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் டூல் ரூம் (அச்சும் கருவியும் செய்யும் பிரிவு) வேலை பார்த்து ஓய்வுபெற்ற, புதுச்சேரி வாசகர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

வலிமை, கடினத்தன்மை, விறைப்பு, அடிதாங்கும் தன்மை என்று நான்கு வருகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு புரிகிறது, வைவாவில் குழம்பிவிடுகிறது. எல்லாம் ஒன்றுதான், பயப்படாதே என்கிறார்கள் சீனியர்கள்.
பாலிடெக்னிக் இரண்டாமாண்டு மாணவி, லாஸ்பேட்டை

ஒன்று இல்லையம்மா. அப்படி நினைத்துக்கொண்டு பொருள் தேர்வு செய்ததால் வீணான ஜாப்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, புது டிராயிங் வந்தால் முதலில் கேட்பது "இது எப்படிக் கெடும்?" என்றுதான். தேய்ந்து கெடுமா, வளைந்து கெடுமா, தொய்ந்து கெடுமா, தெறித்துக் கெடுமா? உன் நான்கு சொற்களும் இந்த நான்கு கேள்விகளுக்கான பதில்கள்: தேய்வதற்குக் கடினத்தன்மை, வளைவதற்கு வலிமை, தொய்வதற்கு விறைப்பு, தெறிப்பதற்கு அடிதாங்கும் தன்மை. இப்படிப் பிடித்துக்கொண்டால் வைவாவில் மறக்காது.

பட்டறையில் இருக்கும் அரத்தை எடுத்துக்கொள். இரும்பையே ராவும் அளவுக்குக் கடினம். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60க்கு மேல் காட்டும். அதையே வைஸில் பிடித்துச் சுத்தியால் ஓங்கி அடித்தால் இரண்டாக முறியும். கடினம் உண்டு, அடிதாங்கும் தன்மை இல்லை. பக்கத்தில் கிடக்கும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) ராடை அரத்தால் சுலபமாக ராவலாம். ஆனால் அடித்தால் வளையும், முறியாது. அடிதாங்கும் தன்மையை அளக்கத்தான் சார்ப்பி சோதனை: காடி வெட்டிய துண்டை ஊசல் சுத்தியால் ஒரே அடியில் உடைத்து, எத்தனை ஜூல் செலவானது என்று பார்ப்பார்கள்.

பலரும் வழுக்கி விழும் இடம் விறைப்பு. ஒரு ஷெல்ஃப் பாரத்தில் தொய்கிறது என்றால் "இன்னும் வலுவான ஸ்டீல் போடுங்கள்" என்பார்கள். சாதா எம்.எஸ். போட்டாலும் விலையுயர்ந்த ஸ்பிரிங் ஸ்டீல் போட்டாலும் பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல்தான். அதே அளவில் செய்தால் அதே பாரத்துக்கு அதே தொய்வுதான் இருக்கும். ஸ்பிரிங் ஸ்டீல் பாரத்தை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும், எம்.எஸ். எல்லை தாண்டினால் வளைந்தபடியே நிற்கும். அந்த வித்தியாசம்தான் வலிமை. தொய்வைக் குறைக்க வேண்டுமென்றால் வடிவத்தை மாற்று. பட்டையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். தகட்டின் விளிம்பை மடித்துவிடுவதும் பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் விலா போடுவதும் இதற்காகத்தான். இன்று வீட்டில் இருக்கும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்.

கடலைப் பார்த்த பால்கனிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி போட்டோம். 304 ரகம் என்றுதான் சொன்னார்கள். ஒரு வருடத்துக்குள் பழுப்புப் புள்ளிகள். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
இல்லத்தரசி, தேவனாம்பட்டினம், கடலூர்

காந்தத்தை நம்ப வேண்டாம். 304, 316, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202 ஆகிய மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நல்ல 304 பைப்பும் வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். வாங்கும்போது மில் சர்டிஃபிகேட் (எந்தக் கலவை என்று ஆலை தரும் சான்று) கேட்பதுதான் வழி. சந்தேகமிருந்தால் உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கன் வைத்திருக்கும் சோதனைக்கூடத்தில் ஒரு துண்டைக் காட்டலாம்.

அது உண்மையான 304 ஆகவே இருந்தாலும் உங்கள் பால்கனியில் புள்ளி விழும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதில் இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம். 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடல்காற்றில் வரும் உப்பின் குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவு இடங்களில் துளைத்துவிடும். 316இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் துளைப்பது கடினமாகிறது. கடலோர வீட்டு வெளிப்புறத்துக்கு 316தான் கேட்க வேண்டும். விலை கூடத்தான், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

சரி, இருப்பதை என்ன செய்வது? வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடையுங்கள். மழை நேராகப் படும் இடத்தைவிட, மழையே படாத கூரையடிப் பகுதியில்தான் புள்ளி அதிகம் இருக்கும், பாருங்கள். உப்பைக் கழுவ அங்கே ஆளில்லை. டைல்ஸ் கழுவும் ஆசிடை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் ஆவியே புதுக் கைப்பிடியைப் பழுப்பாக்கிவிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். வெல்டிங் போட்ட இடத்தின் ஓரம் கறுத்திருந்தால் பிக்ளிங் பேஸ்ட் (கறையை எடுக்கும் அமிலப் பசை) போட்டு எடுக்கச் சொல்லுங்கள். இரும்பு அறுத்த அதே கிரைண்டிங் வீலை உங்கள் கைப்பிடியில் ஓட்டியிருந்தாலும் புள்ளி விழும், இரும்புத்தூள் அதில் பதிந்துவிடும் என்பதால். அடுத்த முறை ஃபேப்ரிகேட்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

எம்.எஸ். கிரில் போடுவதாக இருந்தால் முழுக்க வெல்டிங் முடித்த பிறகு ஹாட் டிப் கால்வனைசிங் செய்யுங்கள். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கால்வனைஸ் செய்த பைப்பை வாங்கி வெல்டு செய்தால் வெல்டு பட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோய்விடும், துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

சேதராப்பட்டில் சின்ன சி.என்.சி. யூனிட் வைத்திருக்கிறேன். வரும் டிராயிங்கில் எல்லா அளவுக்கும் ±0.01 மி.மீ. டாலரன்ஸ் (அளவு கூடக்குறைய விடும் எல்லை) போட்டு அனுப்புகிறார்கள். விலை சொன்னால் அதிர்ச்சியாகிறார்கள். எப்படிப் பேசுவது?
இளம் தொழில்முனைவோர்

போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த முகம் எதோடு சேர்கிறது?" பேரிங் உட்காரும் இடம், ஷாஃப்ட் ஓடும் துளை மாதிரி இரண்டு மூன்று இடங்கள்தான் வரும். மற்றதெல்லாம் காற்றைப் பார்த்து நிற்கும் முகங்கள். டிசைனர் எதற்கும் இருக்கட்டும் என்று போட்ட எண்ணுக்கு நீங்கள் மெஷின் நேரம் கொடுக்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு அனுப்புங்கள். 25 மி.மீ. துளைக்கு எச்7 என்ற டாலரன்ஸ் குறியீடு போட்டால் 25.000 முதல் 25.021 வரை போகலாம். அதில் ஓடும் ஷாஃப்டுக்கு ஜி6 என்றால் 24.980 முதல் 24.993 வரை. எந்த ஷாஃப்டை எடுத்து எந்தத் துளையில் போட்டாலும் குறைந்தது 7 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்), அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி இருக்கும். கையால் தேய்த்துச் சேர்க்காமல், எந்த உதிரியையும் எதிலும் மாட்டலாம். டாலரன்ஸ் இந்த வேலைக்குத்தான்.

அப்புறம் வெயிலையும் சொல்லுங்கள். டிராயிங்கில் இருக்கும் அளவு 20 டிகிரி செல்சியஸுக்கானது. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். மே மாதம் உங்கள் ஷெட்டில் 35 டிகிரி இருக்கும்போது 100 மி.மீ. ஸ்டீல் துண்டு சுமார் 0.017 மி.மீ. நீண்டிருக்கும், அலுமினியம் என்றால் 0.034க்கு மேல். ±0.01 கேட்பவர் ஏசி போட்ட அளவை அறையையும் சேர்த்துக் கேட்கிறார். மெஷினிலிருந்து சூடாக எடுத்த ஜாபை அப்படியே மைக்ரோமீட்டரில் பிடிக்கும் பையன்களை நிறுத்துங்கள். அளக்கும் கருவியும் ஜாபும் ஒரே மேஜையில் கொஞ்ச நேரம் சேர்ந்து கிடக்கட்டும்.

3டி பிரிண்டரில் பைக்குக்கு மொபைல் ஸ்டாண்டு செய்தேன். பீச் ரோட்டில் மதியம் நிறுத்திவிட்டு வந்தால் தலை தொங்கிவிட்டது.
மாணவர், முதலியார்பேட்டை

பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் அடித்திருப்பீர்கள். சுமார் 60 டிகிரியில் அது இளகும். கறுப்பு நிறமாக இருந்தால் நம் வெயிலில் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமில்லை. ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக்கில் அடியுங்கள், சூடும் தாங்கும், வெயிலில் வெளுத்து நொறுங்கவும் செய்யாது. கூடவே, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும் திசைதான் பலவீனம். கொக்கி வளையும் இடத்தில் இழுவிசை அடுக்குகளைப் பிரிக்காதபடி மாடலைப் படுக்க வைத்து அடியுங்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் ஃபைபர் படகு கட்டுகிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள். கேட்டலிஸ்டைக் கண்ணளவில்தான் ஊற்றுவார்கள். மதியத்தில் ரெசின் டப்பாவிலேயே இறுகிப் புகைகிறது. ரெசின் கூடப் போட்டால் படகு பலமாகும் என்கிறார் சித்தப்பா. சரியா?
கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்க ஃபைபர் படகு வந்துவிட்டது. அதைக் கட்டும் கைகளுக்கு ரசாயனத்தை யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதலில் உயிர் சமாச்சாரம். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும், அதை வேகப்படுத்தும் கோபால்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றக்கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்டை ரெசினில் முழுசாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட் வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளை வைக்காதீர்கள், ஒரே அலமாரியிலும் வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் ஊற்ற விடாதீர்கள். பட்டுவிட்டால் அந்த நொடியே தண்ணீர் விட்டு, குறைந்தது கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அளவு: பொதுவாக ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். நகைக்கடைத் தராசு தேவையில்லை, கிராம் காட்டும் சாதாரண சமையல் தராசு போதும். ரெசின் இறுகும்போது தானே சூட்டைக் கக்கும். அந்தச் சூடு இறுகுவதை இன்னும் வேகப்படுத்தும். ஆழமான டப்பாவில் சூடு வெளியேற வழியில்லாமல் புகைகிறது. மதியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், கலந்ததை அகலமான தட்டில் ஊற்றி வையுங்கள். வெயிலுக்குப் பயந்து கேட்டலிஸ்டை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் ரெசின் முழுசாக இறுகாமல் நிற்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இறுகியிருக்காது. பெரிய வேலையைக் காலையிலேயே முடிப்பதுதான் நல்லது.

சித்தப்பாவின் கணக்கு தவறு, பக்குவமாகச் சொல்லுங்கள். படகில் இழுவிசையைத் தாங்குவது கண்ணாடி இழை. ரெசின் அந்த இழைகளை இடம் மாறாமல் பிடித்து, பாரத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகிறது. கையால் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போடும் வேலையில் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் இழை இருந்தாலே நல்ல வேலை. ரெசின் கூடினால் எடைதான் கூடும், அலை அடிக்கும் இடத்தில் கண்ணாடி மாதிரி வெடிக்கும். குறைந்தால் இழை நனையாமல் வெள்ளையாகத் தெரியும், தண்ணீர் அங்கே புகும். ரோலரால் காற்றுக் குமிழை விரட்டுவதில்தான் வேலைக்காரனின் கை தெரியும். அதற்கு நேரம் கொடுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஈரம் குடித்த மேட்டைப் போடவே கூடாது.

வெளியே பளபளப்பாக இருக்கும் ஜெல்கோட் அழகுக்கு மட்டும் வந்ததில்லை. அரை மி.மீ. அளவே இருக்கும் அந்தத் தோல்தான் தண்ணீரையும் வெயிலையும் தடுக்கிறது. கரையில் இழுத்து இழுத்து அடிப்பகுதியில் அது தேய்ந்துபோன படகை முதலில் அதற்குத்தான் பழுதுபார்க்க வேண்டும். தேய்க்கும்போது வரும் தூசியை யாரும் மூச்சில் இழுக்க வேண்டாம். கர்ச்சீஃப் கட்டினால் போதாது, தூசிக்கான மாஸ்க் வேண்டும்.

சுடுமண் பொம்மைகளை அச்சில் அழுத்திச் செய்கிறோம். பத்து சதவீதம் சுருங்குகிறது என்று அச்சைப் பத்து சதவீதம் பெரிதாக்கியும் அளவு குறைகிறது. பிளாஸ்டிக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
கைவினைக் கலைஞர், வில்லியனூர்

சுருங்குவது அச்சின் அளவில் பத்து சதவீதம். 100 மி.மீ. வேண்டுமென்றால் 100ஐ 0.9ஆல் வகுங்கள்: 111 மி.மீ. வரும், 110 இல்லை. பிளாஸ்டிக்கிலும் இதே கணக்குதான், எண்கள் சின்னவை. ஏ.பி.எஸ். அரை சதவீதம் போல, பாலிபுரொப்பிலின் ஒன்று முதல் இரண்டரை சதவீதம் வரை. ஒரு இடம் தடிமனாகவும் பக்கத்தில் மெல்லியதாகவும் இருந்தால் தடித்த இடம் கடைசியாக ஆறி உள்ளே குழியும். உங்கள் மண்ணில் அதே காரணத்தால் விரிசல் விழும், மெல்லிய இடம் முதலில் காய்ந்துவிடுவதால். யானைப் பொம்மையின் வயிற்றைக் குடைந்து சுவரை ஒரே தடிமனாக்குங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழற்ற, பக்கவாட்டுச் சுவர்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு கொடுங்கள். பிளாஸ்டிக் வாளி மேலே அகன்று கீழே குறுகியிருப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

முந்திரி ஓட்டு எண்ணெயை லாரியில் ஏற்றிப் போகிறார்கள். பிரேக்குக்குப் போகிறது என்கிறார்கள். உண்மையா? உடைக்கும் பெண்களின் கையைப் புண்ணாக்கும் எண்ணெய் பிரேக்குக்கு எப்படி ஆகும்?
விவசாயி, பண்ருட்டி வட்டம்

உண்மை. அந்த எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தால் கார்டனால் என்ற வேதிப்பொருள் கிடைக்கிறது. ஃபார்மால்டிஹைடோடு சேர்த்து இறுக்கினால் மறுபடி உருகாத ரெசின் ஆகும். அதைப் பொடித்துப் பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தகட்டிலும் சேர்க்கிறார்கள். வண்டி நிற்கும்போது வரும் சூட்டில் அது உருகி வழுக்காது. பிடிப்பு சீராக இருக்கும், கிரீச் சத்தமும் குறையும். இதே கார்டனாலில் செய்யும் ஒரு ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் பொருள்), ஈரமான பரப்பிலும் இறுகும் என்பதால் கப்பல் பெயிண்டுக்குப் போகிறது. உங்கள் மாவட்டத்து ஓட்டிலிருந்து இவ்வளவு தூரம் போகும் பொருள் இது.

கையைப் புண்ணாக்குவதில் முக்கியமானது பச்சை எண்ணெயில் இருக்கும் அனகார்டிக் அமிலம். சூடாக்கும்போது அது கார்டனாலாக மாறிவிடும். சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைப்பது போதவே போதாது. நைட்ரைல் கையுறை இந்த எண்ணெயைத் தாங்கும். கூலியோடு கையுறையையும் கேளுங்கள், கிழிந்தால் அன்றே மாற்றித் தரவும் சொல்லுங்கள்.