கால்பந்தில் பகுதிநேர கோல்கீப்பராக இருந்துகொண்டே பெரிய ஆட்டங்கள் வரை போக முடியுமா?

முடியும். ஆனால் மற்ற ஆட்டக்காரர்களைவிட இவர்களுக்கு வழி குறுகல். முன்கள வீரரைக் கடைசிப் பத்து நிமிடத்துக்காவது இறக்கிப் பார்ப்பார்கள். கோல்கீப்பர் விஷயத்தில் அது நடக்காது. முதல் கீப்பருக்கு அடிபடும்வரை இரண்டாமவருக்குப் பெஞ்சுதான். அதனால்தான் பலர் ஒரு படி இறங்கியாவது வாராவாரம் ஆடக் கிடைக்கும் கிளப்புக்குப் போகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான முடிவு.

பகுதிநேர கீப்பரின் வாழ்க்கை இதுதான்: பகலில் வேலை, வாரத்தில் ஓரிரு மாலை பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். கிளப் தரும் பணம் கைச்செலவுக்குத்தான் சரியாக இருக்கும். சனிக்கிழமை விரல் பிசகினாலும், திங்கட்கிழமை அதில் டேப் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயாக வேண்டும்.

ஐஸ்லாந்தின் ஹான்னெஸ் ஹால்டோர்சனைப் பாருங்கள். உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டே வீடியோ இயக்குநராக வேலை பார்த்தவர். 2012 யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு அவருடைய நாடு அனுப்பிய பாடலின் வீடியோ அவர் எடுத்ததுதான். தேசிய அணிக்குள் 2011-லேயே வந்துவிட்டார். வெளிநாட்டுக் கிளப்பில் நிரந்தரமாகச் சேர்ந்தது, கிட்டத்தட்ட முப்பது வயதில். 2018 உலகக் கோப்பையில் மெஸ்ஸியின் பெனால்டியை வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். அர்ஜென்டினாவுடன் ஆட்டம் 1-1 என முடிந்தது.

கோல்கீப்பர்கள் நாற்பதை ஒட்டியும் ஆடுவதுண்டு, அதனால் தாமதமாக மலர்வதற்கு இங்கே இடம் இருக்கிறது. அப்புறம், கால் வேலையையும் பழகுங்கள். 1992-ல் பேக்பாஸ் விதி வந்ததிலிருந்து, சக வீரர் காலால் வேண்டுமென்றே தரும் பந்தைக் கையில் எடுக்க முடியாது. தேர்வாளர்கள் இதையும் கவனிக்கிறார்கள்.