இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தை வைத்து, கொடிய எதிர்கால அரசொன்றைக் காட்டும் டிஸ்டோபியா நாவல் எழுதுகிறேன். தோட்டத்தைச் சுற்றி முள்வேலியும் காவற்கோபுரமும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் தப்பியோடும் பகுதியை நம்பும்படி எழுதுவது எப்படி?

முள்வேலியும் காவற்கோபுரமும் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அவற்றை எடுத்துவிடுங்கள். தோட்டத்தில் ஆளைக் கட்டிவைத்தது கடன். 1921 வரை துண்டு முறை இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்டம் எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர்களைச் சிறையில் போடவும் சட்டம் இருந்தது. உங்கள் எதிர்கால அரசுக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் கிடைக்காது. பதினைந்து வயதுப் பிள்ளையின் பேரில் தாத்தாவின் கடன் ஏறியிருக்கட்டும். அவன் ஓடினால் அது தங்கச்சி பேருக்கு மாறட்டும். பேர் பதியும் இயந்திரத்தைச் சனங்கள், தோட்டத்தில் வேலைக்கணக்கு வைக்கும் ஆளின் பேரால், 'கணக்கப்பிள்ளை' என்றே கூப்பிடுவார்கள்.

ஆள் குறைவது, காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பேர் பார்க்கும் பெரட்டுக்களத்தில்தான் தெரியவரும். ஞாயிறு பெரட்டு இல்லாத தோட்டமாக வைத்து, சனி இரவில் கிளம்ப விடுங்கள். திங்கள் விடியும்வரை நேரம் கிடைக்கும். ஆனால் லயத்துக் காம்பிராவுக்குள், அதாவது வரிசை வீட்டின் ஒற்றை அறைக்குள், திட்டம் போடவைக்காதீர்கள். பக்கத்துக் காம்பிரா இருமலே கேட்கும். தண்ணீர் பிடிக்கும், குளிக்கும் இடமான பீலிக்கரையில், தண்ணீர் விழும் சத்தத்தில் பேசட்டும்.

பலரும் தவறுவது ஓட்டத்தில். கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளைக் கழித்துவிட்ட, மலையில் தேயிலைச் செடி முழங்கால் உயரம்தான், ஒளிய இடமே இல்லை. கொழுந்து பறிக்கும் மலையில் இடுப்பளவு இருக்கும், குனிந்தால் மறையலாம். ஆனால் வாதுகள் (கிளைகள்) பின்னிக் கிடப்பதால் ஓட முடியாது, காலைக் கிழித்துவிடும். மழைநீர் வடியும் கான் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்படுவது. அதைப் பிடித்து நடந்தால் மலையைச் சுற்றலாமே தவிர கீழே இறங்க முடியாது. ஓடையோடு போனால் ஊர் வரும் என்றும் எழுதவேண்டாம், பல ஓடைகள் நீர்வீழ்ச்சி உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

மாதத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மேற்கே அட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை. அதே நாட்களில் கிழக்கே ஊவாப் பக்கம் காற்றும் வறட்சியுமாக இருக்கும். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள ரயில் சுரங்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நனைந்து நடுங்கி உள்ளே போகிற பிள்ளைகள் மறுபக்கம் வெயிலில் வெளியே வரலாம். அந்த இடத்துக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். பட்டிப்பொல நிலையம் 1,890 மீற்றருக்கும் மேலே, இரவுக்குக் கம்பளி வேண்டும். அட்டை கடிப்பது வலிக்காது, ரத்தம்தான் லேசில் நிற்காது. கிளம்பும்போதே காலில் சவர்க்காரம் (சோப்பு) பூசிக்கொள்ளட்டும். மழையில் கரைந்துவிடும் என்பதால் ஒரு சவர்க்காரக் கட்டியைக் கையோடு கொண்டுபோகவேண்டும்.