அழைப்பிதழில் தமிழைச் சாய்க்க வேண்டாம்

வணக்கம். யாழ்ப்பாணத்து அச்சகம் தந்த திருமண அழைப்பிதழ் மாதிரியில் ஆங்கிலப் பெயர்கள் காரமண்ட் என்ற எழுத்துருவின் சாய்வெழுத்தில் அழகாக இருக்க, அதே சாய்வில் வைத்த தமிழ்ப் பெயர்கள் மட்டும் ஏன் கோணலாகத் தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சகர் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்ட சாய்வெழுத்து, அக்காலக் கையெழுத்தைப் பின்பற்றித் உலோக அச்செழுத்தாகத் தனியாகவே வெட்டப்பட்டது. அவ்வழி வந்த காரமண்டிலும் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘a’ நிமிர்ந்த வடிவின் மேல்வளைவை விட்டுவிட்டு, பேனா ஓட்டத்தில் எழுதியதுபோல் நிற்கும். உங்கள் தமிழோ, மென்பொருள் நிமிர்ந்த எழுத்தை அப்படியே பக்கவாட்டில் தள்ளியது என்பதால், ‘ழ’, ‘ணி’ ஆகியவற்றின் வளைவுகள் நசுங்கியிருக்கின்றன.

தமிழை மெல்லிய கோடுள்ள எழுத்துருவில் நிமிர்ந்தே விடுங்கள். காரமண்டின் சிற்றெழுத்துகள் உயரம் குறைந்தவை என்பதால் ஆங்கிலத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள். மண்டப முகவரிக்குச் சாய்வு தேவையில்லை. எழுத்துகளைப் பொன்னிற மென்தகட்டால் பதிப்பதானால், மெல்லிய கோடுகள் விட்டுப்போகக்கூடும். மாதிரி பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.